‘தமிழ்’ இரண்டாக உடைந்தால் யாரிடம் சொல்வது? பைத்தானில் பக் ரிப்போர்ட்டும் பேட்ச்சும்

போன வருஷம் சில தமிழ்க் கட்டுரைகளை வைத்துக்கொண்டு, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதற்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். பத்து வரிகூட இருக்காது. ஓட்டினால், பட்டியல் முழுக்க ‘க’, ‘ர’, ‘ன’ என்று ஒற்றை எழுத்துகளாக வந்து விழுந்தன. சரி, ஒரே ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்ப்போம் என்று ‘தமிழ்’ என்று கொடுத்தேன். ‘தம’ என்று ஒன்று, ‘ழ’ என்று ஒன்று, ஆக இரண்டு சொற்கள் இருப்பதாகப் பதில் வந்தது. நடுவில் இருந்த இகரக் குறியையும் கடைசிப் புள்ளியையும் காணோம்.

இரண்டு நண்பர்களிடம் இதைச் சொன்னேன். “ஓப்பன் சோர்ஸ்தானே, நீயே சரிபண்ணிக்க வேண்டியதுதானே” என்றார் ஒருவர். “பைத்தான் கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டு, பார்த்துக் கொடுப்பாங்க” என்றார் மற்றவர். இந்த இரண்டு பேச்சையும் நீங்களும் கேட்டிருப்பீர்கள். கல்லூரியில், அலுவலகத்தில், எங்கே போனாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஓப்பன் சோர்ஸ், அதாவது மூலநிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் திறமூல மென்பொருள் என்பதால், யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது ஒரு நம்பிக்கை. எங்கேயோ ஒரு நிறுவனம் உட்கார்ந்து நம் புகாருக்காகக் காத்திருக்கிறது என்பது இன்னொரு நம்பிக்கை. நடப்பது இரண்டுமே கிடையாது. ஒரு பிழையைக் கண்டதிலிருந்து அது திருத்தமாகி நம் கணினிக்கு வந்து சேரும் வரை என்ன நடக்கிறது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணத்துக்குப் பைத்தானையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற திறமூல மொழிகளிலும் பெயர்கள்தான் மாறும், வழி கிட்டத்தட்ட இதுதான்.

பஞ்சர் கடையில் தொடங்கலாம்

சைக்கிள் டியூபில் காற்று நிற்கவில்லை என்று கடைக்குப் போகிறோம். கடைக்காரர் நாம் சொல்வதை நம்பி உடனே ஒட்டுப் போட மாட்டார். டியூபை வெளியே எடுத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்குவார். ஓரிடத்தில் குமிழி வரும். அந்த இடத்தில் ஒரு குறி வைப்பார். அப்புறம் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டை வைத்து அழுத்துவார். அதோடு முடிந்துவிடாது. டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். முள்ளோ ஆணியோ உள்ளேயே இருந்தால் தெரு முனை தாண்டுவதற்குள் மறுபடி காற்றுப் போய்விடும். கடைசியாக டியூபை இன்னொரு தடவை தண்ணீரில் முக்குவார்.

நான் சொல்லப்போவது எல்லாம் இந்தத் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. ‘காற்று நிற்கவில்லை’ என்று சொல்வது புகார். குமிழியைக் காட்டுவதுதான் பக் ரிப்போர்ட், அதாவது பிழை எங்கே, எப்போது வருகிறது என்று மற்றவர் கண்ணாலேயே பார்க்கும்படி எழுதிக் கொடுக்கும் குறிப்பு. ஒட்டுக்குப் பெயர் பேட்ச். கணினி உலகிலும் அதே சொல்தான். முள்ளைத் தேடுவது மூலகாரணம் பார்ப்பது. திரும்பவும் முக்கிப் பார்ப்பது சோதனை. கடைக்காரருக்கு ஒட்டுப் போட ஆகும் நேரத்தைவிடக் குமிழியைத் தேட ஆகும் நேரம்தான் அதிகம். நிரல்மொழிகளிலும் அதே கதைதான்.

முதல் கேள்வி: இது பைத்தானின் பிழையா?

பைத்தான் என்று நாம் பொதுவாகச் சொல்வது பல அடுக்குகள் கொண்டது. அடியில் சிபைத்தான் இருக்கிறது. நாம் எழுதும் வரிகளைப் படித்து இயக்கும் மென்பொருள் அது, பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அதோடு சேர்ந்தே, நாம் எடுத்துப் பயன்படுத்த ஆயத்தமாக எழுதி வைத்த நிரல்களின் நூலகம் ஒன்றும் வரும். இவற்றுக்கு வெளியே, மற்றவர்கள் எழுதி நாம் தனியாக நிறுவிக்கொள்ளும் லட்சக்கணக்கான தொகுப்புகள் இருக்கின்றன. வெளித்தொகுப்பு ஒன்றில் வரும் பிழையைப் பைத்தானிடம் போய்ச் சொன்னால், “அவர்களிடம் சொல்லுங்கள்” என்று மூடிவிடுவார்கள். மூடுகிறவர்களுக்கு நம்மீது கோபம் எதுவும் கிடையாது. பக்கத்துக் கடையில் வாங்கிய பொருளை இங்கே மாற்றித் தர முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம், பைத்தானுக்குக் கம்பெனி கிடையாது. கைடோ வான் ரோசம் 1991ல் முதல் பதிப்பை வெளியிட்டார். 2018 ஜூலையில் அவர் தலைமையை விட்டு விலகும் வரை கடைசி முடிவு அவருடையதாகவே இருந்தது. 2019 முதல் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு அந்தப் பொறுப்பில் இருக்கிறது. கோர் டெவலப்பர்கள், அதாவது மூலநிரலில் மாற்றத்தைச் சேர்க்கும் உரிமை பெற்றவர்கள், இந்தக் குழுவை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில்தான் இதைச் செய்கிறார்கள். பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை என்று இலாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் அது வாடிக்கையாளர் சேவை மையம் நடத்துவதில்லை.

எது பக், எது பக் இல்லை

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். நாம் எதிர்பார்த்தது வரவில்லை என்றால் அது பக் என்று நினைக்கிறோம். மொழியை உருவாக்குகிறவர்கள் பார்க்கும் விதம் வேறு. ஆவணம் ஒன்று சொல்லி, நிரல் வேறொன்றைச் செய்தால் அது பக். ஆவணமும் நிரலும் ஒத்துப்போய் நம் எதிர்பார்ப்பு மட்டும் விலகி நின்றால், பெரும்பாலும் அது பக் இல்லை.

முதலில் சுலபமான உதாரணம். 2.675 என்ற எண்ணை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கித் தா என்று பைத்தானிடம் கேளுங்கள். பள்ளிக்கூடக் கணக்குப்படி 2.68 வர வேண்டும். வருவது 2.67. பார்த்ததும் பக் என்றுதான் தோன்றும். ஆனால் கணினி எண்களை இரும முறையில் வைத்துக்கொள்கிறது. அந்த முறையில் 2.675ஐ அச்சுப் பிசகாமல் எழுத வழியில்லை. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் 0.333 என்று எழுதினால் முடிவில்லாமல் போகிறதல்லவா, அது போல. அதனால் உள்ளே உண்மையில் இருப்பது 2.67499999999999982 என்று தொடங்கும் எண். அது 2.675ஐவிட ஒரு மயிரிழை குறைவு. எனவே 2.67 சரியான விடைதான். இதே எண்ணைப் பைத்தான் ஆவணமே எடுத்துக்காட்டி, இது பக் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. அப்படி எழுத வேண்டி வந்ததிலிருந்தே எத்தனை பேர் இதைப் புகாராகக் கொண்டுவந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

அடுத்தது நமக்கு நெருக்கமான ஒன்று. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. நமக்குத் த, மி, ழ் என்று மூன்று எழுத்து. பைத்தான் எண்ணுவது நம் எழுத்தை இல்லை, யூனிகோடு குறியெண்களை. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஒவ்வோர் எண் கொடுத்து வைத்திருக்கும் தரநிலைதான் யூனிகோடு. அதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து தனித்தனி எண்கள். நீளம் என்றால் குறியெண்களின் எண்ணிக்கை என்று பைத்தான் தெளிவாகச் சொல்லிவிட்டதால் இதுவும் பக் இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒரு தமிழ்க் குழந்தை எண்ணுகிற மாதிரி எண்ணத் தெரிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அப்படிக் கேட்டால் அது புது வசதி கேட்பது, பிழையைச் சொல்வது ஆகாது.

மூன்றாவது, நான் முதலில் சொன்ன ‘தம’, ‘ழ’ விவகாரம். இது நடுவில் நிற்கிற வகை. உரையில் ஒரு வடிவத்தைத் தேடுவதற்கான ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற கருவியில், ‘சொல்லில் வரக்கூடிய எழுத்து’ என்று பொருள்படும் குறியீடு ஒன்று உண்டு. பைத்தானில் அது எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டும் ஏற்கும். இகரக் குறியையும் புள்ளியையும் யூனிகோடு ‘எழுத்து’ என்ற வகையில் வைக்காமல் ‘குறி’ என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. அதனால் அந்த இடத்தில் சொல் முடிந்துவிட்டதாகப் பைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆவணத்தில் எழுதியபடிதான் நடக்கிறது. அந்த வகையில் பக் இல்லை. ஆனால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எப்படி இருக்க வேண்டும் என்று யூனிகோடு அமைப்பு வெளியிட்ட பரிந்துரையிலேயே, சொல்லெழுத்து என்பதற்குள் குறிகளும் அடங்கும் என்று இருக்கிறது. அப்படிப் பார்த்தால் பக். தேவநாகரிச் சொற்கள் இப்படிச் சிதறுவதாக 2007லேயே ஒரு ரிப்போர்ட் பதிவாகியிருக்கிறது. இந்தி, தமிழ், மலையாளம், சிங்களம் என்று குறி போட்டு எழுதும் மொழிகள் எல்லாவற்றுக்கும் இது பொது வலி.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நிரல் தப்பாக நடக்கிறதா என்ற கேள்விக்கு முன்னால், எது சரி என்று யார், எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி வருகிறது. அதற்குப் பதில் தெளிவாக இருந்தால் திருத்துவது சில மணி நேர வேலை. இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும்.

குமிழியைக் காட்டுவது எப்படி

பைத்தானின் பிழைகள் முன்பு சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற இணையதளத்தில் பதிவாயின. 2007ல் சொந்தமாக ஒரு பதிவேடு வைத்துக்கொண்டார்கள். 2022 ஏப்ரலில் எல்லாம் கிட்ஹப்புக்கு, அதாவது நிரல்களை வைத்துப் பலர் சேர்ந்து வேலை செய்யும் இணையதளத்துக்கு, மாறியது. பழைய பதிவுகளும் கூடவே போயின. இப்போது கிட்ஹப் கணக்கு இருக்கும் யாரும் பதியலாம். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் கிடைக்கும். அது முடியும் வரை எல்லாப் பேச்சும் அந்த எண்ணின் கீழேதான்.

‘ரெகுலர் எக்ஸ்பிரஷன் தமிழுக்கு வேலை செய்யவில்லை, அவசரம், உடனே பார்க்கவும்’ என்று எழுதினால் என்ன ஆகும்? படிக்கிறவர் ஏதோ ஒரு நாட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. எந்தப் பதிப்பு, என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது என்று திருப்பிக் கேட்பார். நாம் பதில் போட ஒரு வாரம் ஆகும். அதற்குள் அவர் வேறு பத்துப் பதிவுகளுக்குப் போயிருப்பார்.

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பைத்தான் 3.13, லினக்ஸ். கீழே உள்ள இரண்டு வரி நிரலை ஓட்டினேன். ஐந்து குறியெண் கொண்ட இந்தச் சொல் முழுசாக ஒரே துண்டாக வரும் என்று எதிர்பார்த்தேன். முதல் இரண்டு குறியெண்கள் ஒரு துண்டாகவும் நான்காவது இன்னொரு துண்டாகவும் வந்தன, மூன்றாவதும் ஐந்தாவதும் விடுபட்டன. யூனிகோடு பரிந்துரையின் இந்தப் பகுதி இப்படிச் சொல்கிறது.’ இதைப் படிக்கிறவருக்குத் தமிழ் தெரிய வேண்டியதே இல்லை. இரண்டு வரியை ஒட்டி, ஓட்டி, ஒரு நிமிஷத்தில் குமிழியைப் பார்த்துவிடுவார்.

அந்த இரண்டு வரி என்பதுதான் முக்கியம். பிழை தோன்றியது என்னுடைய பெரிய நிரலில் என்றாலும், சம்பந்தமில்லாத வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, ‘இதற்கு மேல் ஒரு வரி எடுத்தாலும் பிழை மறைந்துவிடும்’ என்ற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு ஒரு மாலை நேரம் ஆகலாம். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் இப்படிச் சுருக்கும்போதே தப்பு நம் நிரலில்தான் என்று பிடிபட்டுவிடும். ரிப்போர்ட்டே எழுத வேண்டியிருக்காது.

பதிவு வந்ததும் முதலில் பார்க்கிறவர்கள் டிரையேஜ் குழுவினர். மருத்துவமனை வாசலில் யாரை உடனே உள்ளே அனுப்ப வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று பிரிப்பார்களே, அதே வேலை. பிழையா, புது வசதியா, நிரலே விழுந்துவிடுகிறதா, எந்தப் பதிப்புகளில் வருகிறது என்று அடையாளச் சீட்டு ஒட்டுவார்கள். ஏற்கெனவே யாராவது பதிந்ததாக இருந்தால் அதோடு இணைப்பார்கள். பதிவை மூடவும் அவர்களால் முடியும். மூலநிரலில் கைவைக்கும் உரிமை மட்டும் இருக்காது.

பேட்ச் உள்ளே எப்படி இருக்கும்

பேட்ச் என்றால் புதிய மென்பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பட்டியல்தான். இந்தக் கோப்பில், இந்த இடத்தில், இந்த வரியை எடு, அதற்குப் பதில் இதைப் போடு. எடுக்கும் வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்கு முன்னால் கூட்டல் குறி. அச்சுக்கூடத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர் முழுப் புத்தகத்தையும் மறுபடி எழுதமாட்டார், ஓரத்தில் அடையாளம் மட்டும் போடுவார். அது போலத்தான். இந்தப் பட்டியலை வாங்கி, கோப்பில் தானாகவே திருத்தத்தைச் செய்யும் நிரலை 1985ல் லாரி வால் எழுதினார். பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவர் அவர். ஊர் ஊராக இருக்கிறவர்கள் முழு நிரலையும் அனுப்பாமல், நாலு வரித் திருத்தத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிச் சேர்ந்து வேலை செய்ய முடிந்ததற்கு இது பெரிய காரணம்.

முன்பெல்லாம் பைத்தானிலும் பேட்ச் கோப்பைப் பதிவோடு இணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். 2017 பிப்ரவரியில் மூலநிரல் கிட்ஹப்புக்குப் போன பிறகு, புல் ரிக்வஸ்ட் என்ற வழி வந்தது. மூலநிரலின் நகலை எடுத்து, அதில் நாம் திருத்தி, ‘இதை உங்கள் பிரதியில் சேர்த்துக்கொள்கிறீர்களா’ என்று கேட்பது. ஓப்பன் சோர்ஸில் யாரும் மாற்றலாம் என்பது எவ்வளவு தூரம் உண்மை என்பது இங்கே தெரியும். உங்கள் நகலில் என்ன வேண்டுமானாலும் மாற்றலாம், யாரும் கேட்க முடியாது. எல்லோருக்கும் போய்ச் சேரும் பிரதியில் மாற வேண்டுமென்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்பதற்கும் முறை உண்டு. முதல் தடவை அனுப்புகிறவர், தன் பங்களிப்பைப் பயன்படுத்த அனுமதி தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இணையத்திலேயே முடிந்துவிடும். மாற்றத்தோடு ஒரு சோதனையும் எழுத வேண்டும். இந்தச் சோதனை பழைய நிரலில் தோற்க வேண்டும், புதியதில் ஜெயிக்க வேண்டும். தோற்பது எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். குமிழி வந்த அதே இடத்தைத்தான் தண்ணீரில் முக்குகிறோம் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அந்தச் சோதனை அதன் பின் அங்கேயே இருந்துவிடும். பத்து வருஷம் கழித்து வேறொருவர் பக்கத்து வரியை மாற்றி, தெரியாமல் பழைய ஓட்டையைத் திறந்துவிட்டால், இது உடனே கத்தும். எனக்கு இந்த முழு ஏற்பாட்டிலும் மிகப் பிடித்த பகுதி இதுதான். திருத்தியவர் போய்விட்டாலும் அவர் கண்டது அழியாமல் காவல் நிற்கிறது.

கூடவே, என்ன மாறியது என்று பயன்படுத்துகிறவருக்குப் புரியும்படி இரண்டு மூன்று வரிச் செய்திக் குறிப்பு. அப்புறம் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் எல்லாச் சோதனைகளும் தானாக ஓடும். இதெல்லாம் பச்சை காட்டிய பிறகு மனிதர் ஒருவர் படிப்பார். அதற்கு ரிவ்யூ என்று பெயர், நம் வழக்கில் சரிபார்ப்பு. ‘இந்தப் பெயர் புரியவில்லை’, ‘வெற்றுச் சொல் வந்தால் என்ன ஆகும்’, ‘இது ஒட்டுதான், முள் இன்னும் உள்ளேயே இருக்கிறதே’ என்று கேட்பார். முதல் தடவை இதைச் சந்திக்கிறவர்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ஆனால் கோர் டெவலப்பர்கள் எழுதும் திருத்தங்களுக்கும் சக டெவலப்பர்களிடமிருந்து இதே மாதிரிக் கேள்விகள் வரும். எல்லாம் சரி என்றானதும் கோர் டெவலப்பர் ஒருவர் சேர்ப்பார்.

ஆக, ரிப்போர்ட் என்பது குமிழியைக் காட்டுவது, பேட்ச் என்பது வரி மாற்றங்களின் பட்டியல், சோதனை என்பது அந்த ஓட்டை திரும்ப வராமல் காப்பது, ரிவ்யூ என்பது இன்னொரு ஜோடிக் கண்.

நாலு வரிதானே, ஏன் இவ்வளவு தாமதம்?

எங்கள் ஊரில் ‘தியேட்டர் ஸ்டாப்’ என்று ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. தியேட்டரை இடித்து இருபது வருஷம் ஆகிறது. ஆனால் கல்யாணப் பத்திரிகை முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோரும் அந்தப் பெயரை வைத்தே வழி சொல்கிறார்கள். நாளைக்கே பெயரை மாற்றினால் தவறு திருந்தும், ஆனால் ஆயிரம் பேர் வழி தவறுவார்கள்.

நிரல்மொழியில் இது இன்னும் கூர்மை. ஒரு நடத்தை தவறாகவே இருந்தாலும், அது அப்படித்தான் இருக்கும் என்று நம்பி யாரோ ஒருவர் வங்கிக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ நிரல் எழுதி வைத்திருப்பார். ‘சொல்லெழுத்து’ குறியீட்டின் பொருளை இன்று மாற்றினால் என் தமிழ்ப் பட்டியல் சரியாகிவிடும். வேறெங்கோ பத்து வருஷமாக ஒழுங்காக ஓடிய நிரல், சத்தமே இல்லாமல் வேறு விடை தரத் தொடங்கலாம். பழைய நிரல் உடையாமல் காப்பதைப் பின்னோக்கிய இணக்கம் என்பார்கள். மொழியைப் பராமரிக்கிறவர்களுக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

இன்னொரு காரணம் ஆள் பற்றாக்குறை. பேட்ச் எழுத ஆர்வமுள்ளவர்கள் நிறைய. அதை நிதானமாகப் படித்துச் சரிபார்க்க ஆட்கள் குறைவு. திறந்தே கிடக்கும் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்தத் தேக்கத்தைக் குறைக்கவே 2021ல் அறக்கட்டளை முழுநேரச் சம்பளத்துக்கு லுகாஷ் லாங்கா என்ற கோர் டெவலப்பரை அமர்த்தியது. ஆயிரம் கண்கள் பார்ப்பதால் ஓப்பன் சோர்ஸில் பக் தங்காது என்று சொல்கிறவர்கள், அந்தக் கண்களில் எத்தனை உண்மையில் அந்த வரியைப் படித்தன என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

18 வருஷம் எடுத்த ஓர் ஓட்டை

பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும் முறைக்கு டார் என்று பெயர். மூட்டைக்குள் ஒவ்வொரு கோப்பிலும் அதை எங்கே வைக்க வேண்டும் என்ற முகவரிச் சீட்டு இருக்கும். வீடு மாற்றும்போது பெட்டியில் ‘அடுக்களை’, ‘முன்னறை’ என்று எழுதுகிறோமே, அப்படி. ஒரு விஷமி அந்தச் சீட்டில் ‘இந்த வீட்டை விட்டு வெளியே போய், பக்கத்து வீட்டு அலமாரியில் வை’ என்று எழுதியிருந்தால்? பைத்தானின் டார் நூலகம் சீட்டில் உள்ளபடியே கொண்டுபோய் வைத்துவிடும். அதாவது, மூட்டையைப் பிரித்த கோப்புறைக்கு வெளியே, கணினியின் முக்கியமான கோப்புகள்மேலேயே எழுதிவிட முடியும்.

இது 2007ல் தெரியவந்தது. சிவிஇ எண்ணும் கொடுத்தார்கள். உலகம் முழுதும் தெரிந்துவிட்ட பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண் அது. ஆனால் நிரலைத் திருத்தவில்லை. டார் வடிவத்தின் தரநிலைப்படி நூலகம் நடப்பது சரிதான் என்பது அன்றைய முடிவு. நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த மூட்டையைச் சோதிக்காமல் பிரிக்காதீர்கள் என்று ஆவணத்தில் எச்சரிக்கை சேர்த்தார்கள். பதிவு மூடப்பட்டது.

2022ல் ட்ரெல்லிக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதே ஓட்டையில் மறுபடி இடறினார்கள். முதலில் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தார்கள். தேடிப் பார்த்தால் 15 வருஷப் பழசு. சுமார் 3,50,000 திறமூலத் திட்டங்கள் இதனால் பாதிக்கப்படக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை என்பது அதோடு தெளிவாகிவிட்டது.

அதற்குப் பிறகும் ஒரே நாளில் மாற்றவில்லை. முதலில் பெப் எழுதப்பட்டது. பெரிய மாற்றத்தைச் செய்வதற்கு முன் காரணம், வழி, பாதிப்பு எல்லாவற்றையும் எழுதிப் பொதுவில் வைக்கும் முன்மொழிவுக்குப் பைத்தானில் பெப் என்று பெயர். இதன் எண் 706. முகவரிச் சீட்டைச் சோதிக்கும் வடிகட்டி ஒன்றை அது முன்மொழிந்தது. 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில், வடிகட்டி எது என்று சொல்லாமல் பிரித்தால் எச்சரிக்கை காட்டும். 2025 அக்டோபரில் வந்த 3.14ல்தான் பாதுகாப்பான வடிகட்டி தானாகவே இயங்கும்படி ஆனது. இதற்கு நடுவே 2025 ஜூனில் அந்த வடிகட்டியையே ஏய்க்கும் ஓட்டைகள் தெரியவந்து, 3.13.4ல் அடைக்கப்பட்டன.

2007ல் எடுத்த முடிவைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தரநிலையும் அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஆனால் ஆவணத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் பொறுப்பு பயன்படுத்துகிறவர் தலைக்குப் போய்விடும் என்ற நினைப்பு தவறாகப் போனது என்றுதான் சொல்வேன்.

பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. அதைப் பொதுப் பதிவேட்டில் எழுதக் கூடாது. பூட்டு சரியில்லை என்று தெருவில் நின்று கத்துவது போல் ஆகிவிடும். பைத்தானின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக எழுத வேண்டும். திருத்தம் தயாரான பிறகுதான் வெளியே சொல்வார்கள்.

சேர்த்தாச்சு, என் கணினியில் வரவில்லையே?

திருத்தம் முதலில் மெயின் என்ற கிளையில் சேரும். அடுத்த பெரிய பதிப்பு உருவாகும் இடம் அது. 2020ல் வந்த 3.9 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு பெரிய பதிப்பு வருகிறது. அதுவரை காத்திருக்க வேண்டுமா என்றால், பிழைத் திருத்தமாக இருந்தால் வேண்டாம். ஏற்கெனவே வெளியான, இன்னும் பராமரிப்பில் இருக்கும் பதிப்புக்கும் அதே திருத்தத்தைக் கொண்டுபோவார்கள். இதற்குப் பேக்போர்ட் என்று பெயர். மிஸ் இஸ்லிங்டன் என்று பெயரிட்ட தானியங்கி ஒன்று இந்த வேலையை வருஷக்கணக்காகச் செய்துவருகிறது. புது வசதிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை அடுத்த அக்டோபருக்குத்தான்.

இப்போதைய பதிப்புகளுக்கு வெளியானதிலிருந்து இரண்டு வருஷம் பிழைத் திருத்தம் உண்டு. அதன் பிறகு மூன்று வருஷம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். ஐந்து வருஷம் முடிந்தால் அந்தப் பதிப்பை யாரும் தொடமாட்டார்கள். நீங்கள் இன்னும் 3.8ல் இருந்துகொண்டு பிழை சொன்னால், ‘புதியதில் வருகிறதா பாருங்கள்’ என்பதுதான் முதல் பதிலாக வரும்.

நீங்கள் தொடங்க நினைத்தால்

சி மொழி தெரியாமலே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு ஆளும் எப்போதும் போதாது. பழைய பதிவு ஒன்றை எடுத்து, அதில் உள்ள நிரலை இன்றைய பதிப்பில் ஓட்டி, என்ன வந்தது என்று எழுதுவது. பிழை தானாகவே போயிருந்தால் பதிவை மூடலாம். இன்னும் இருந்தால், எந்தப் பதிப்பு வரை இருக்கிறது என்ற தகவல் கிடைக்கும். இரண்டுமே அடுத்து வருகிறவரின் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

நான் அந்த 2007ஆம் வருஷத்துப் பதிவை எடுத்து, தேவநாகரிக்குப் பதில் ‘தமிழ்’ என்று போட்டு 3.13ல் ஓட்டினேன். ‘தம’, ‘ழ’ என்றே வந்தது. மேத்யூ பார்னெட் என்பவர் எழுதி வெளித்தொகுப்பாக வைத்திருக்கும் ரெஜெக்ஸ் என்ற தொகுப்பை நிறுவி, அதே வரியை அதில் ஓட்டினேன். அது யூனிகோடு சொல்கிறபடி சொல்லெழுத்தை விரிவாக எடுத்துக்கொள்கிறது. இகரக் குறியும் புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்க, ‘தமிழ்’ முழுசாக வந்தது. சொல் எண்ணும் என் நிரல் இப்போது அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.